கையெழுத்து மட்டும் போதாது
எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும் அவர்களுடைய குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

நான் ஒரு மருத்துவ உளவியலாளர். ஸ்லீவ், பைபாஸ் என்று இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைக்கு உங்களிடம் வருகிறவர்களிடம் முன்கூட்டியே பேசி, அவர்களுடைய மனநிலை பற்றி அறிக்கை எழுதித் தருவது என் வேலைகளில் ஒன்று. உங்கள் கோப்பில் இதய மருத்துவரின் தாளுக்கும் மயக்கவியல் மருத்துவரின் தாளுக்கும் நடுவில் என் தாளும் இருக்கும். "சைக்யாட்ரி ஃபிட்னஸ் வாங்கிட்டு வந்துடுங்க" என்று நோயாளியிடம் சொல்லி அனுப்புகிறீர்களே, அந்தத் தாள். அதை இன்று நாம் எப்படி நடத்துகிறோம், எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த அறுவைக்கு நான் எதிரி இல்லை. படியேற மூச்சு வாங்கியவர் மகளின் பள்ளிக்கு நடந்து போவதையும், இன்சுலின் ஊசியை நிறுத்தியவர் முகத்தில் வரும் தெளிவையும் உங்களோடு சேர்ந்து நானும் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. அதே அளவு பருமன் இருந்தும் அறுவை செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட்டபோது, இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் ஒட்டுமொத்த இறப்பு 40 சதவீதம் குறைவாக இருந்தது. சர்க்கரை நோயால் நேரும் இறப்பு 92 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆண்டு வெளிவந்த ஸ்வீடன் ஆய்வும் அறுவை ஆயுளைக் கூட்டுகிறது என்றே சொன்னது. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். அவர்களில் சிலருக்கு உங்கள் கைத்திறன் உயிர்காப்பு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அதே யூட்டா ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. விபத்து, தற்கொலை முதலிய, நோய் அல்லாத காரணங்களால் நேர்ந்த இறப்பு அறுவை செய்துகொண்டவர்களிடம் 58 சதவீதம் அதிகம். ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 6.4 என்றிருந்தது 11.1 ஆகியிருந்தது. எண்ணிக்கையில் சிறியதுதான். ஆனாலும் எடை குறைந்து, சர்க்கரை இறங்கி, மருத்துவ அளவுகோல்படி "வெற்றி" என்று நாம் எழுதிவைத்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கக்கூடும். முதல் எண்ணை நாம் எல்லா மேடைகளிலும் சொல்கிறோம். இரண்டாவது எண்ணுக்குப் பொறுப்பேற்க நம் அமைப்பில் யாரும் இல்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அறுவை செய்துகொண்ட 8,815 பேரை, அறுவைக்கு முன் மூன்று ஆண்டு, பின் மூன்று ஆண்டு என்று தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2016இல் வெளியானது. தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வருவது அறுவைக்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கியவை. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று நிகழ்வுகளில், அறுவைக்கு முன்பே சம்பந்தப்பட்டவருக்கு மனநலச் சிக்கல் இருப்பது கண்டறியப்பட்டிருந்தது. பெரும்பாலான நிகழ்வுகள் நடந்தது இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில். இந்த இரண்டு தகவல்களையும் சேர்த்துப் பாருங்கள். யாருக்கு ஆபத்து என்பது அறுவைக்கு முன்பே தெரியக்கூடியது. ஆபத்து வரும் நேரமோ நாம் அவர்களைப் பார்ப்பதை நிறுத்திய பிறகு.

இப்போது நம் ஊரில் இந்த மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பல இடங்களில் அறுவைக்கு முந்தைய நாள் மாலைதான் எனக்கு அழைப்பு வரும். அட்மிஷன் போட்டாயிற்று, கையில் வென்ஃப்ளான் ஊசி ஏற்றியாயிற்று, முன்பணம் கட்டியாயிற்று, காலை ஏழு மணிக்குத் தியேட்டர். அப்படி ஓர் அறையில் 24 வயதுப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். (இந்த மடலில் வருகிறவர்கள் யாரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா. அறுவை செய்துகொள்வது யார் முடிவு என்று கேட்டேன். "எல்லாரும் சேந்துதான் மேடம் பேசி முடிவு பண்ணோம்" என்றார் அம்மா. தூக்கம் எப்படி என்றேன். "அதெல்லாம் நல்லா தூங்குவா" என்றதும் அம்மாதான். பெண் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். கதவு சாத்தியபின் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்: "வரன் தட்டிப்போனா எல்லாத்துக்கும் என் உடம்புதான் காரணம்னு சொல்றாங்க மேடம். இதைப் பண்ணிக்கிட்டா விட்டுடுவாங்கள்ல?"

அந்தப் பெண்ணுக்கு அறுவை தேவைதான். தூக்கத்தில் மூச்சு தடைபடும் சிக்கல் கடுமையாக இருந்தது. பி.எம்.ஐ. நாற்பதைத் தாண்டியிருந்தது. ஆனால் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பாகத்தை நிரந்தரமாக வெட்டி எடுக்கும் ஒரு சிகிச்சைக்கு அவள் அதுவரை சம்மதிக்கவே இல்லை. மற்றவர்களின் வாயை மூட மட்டுமே அவள் தலையாட்டியிருந்தாள். இரண்டு மாதம் தள்ளி, மூன்று நான்கு முறை பேசிய பிறகு, "எனக்காகத்தான் பண்ணிக்கிறேன்" என்று அவளே தேதி கேட்டாள். அந்த இரண்டு மாதத்தைக் கொடுக்க அவளுடைய அறுவை மருத்துவருக்கு மனம் இருந்தது. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

இந்த மதிப்பீடு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். 1991இல் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய கருத்தொருமிப்பு மாநாடு, அறுவை, பொது மருத்துவம், மனநலம், ஊட்டச்சத்து ஆகிய துறையினர் சேர்ந்த குழு பார்த்த பிறகே நோயாளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. நோக்கம் நல்லது. நாளடைவில் அங்கே பல காப்பீட்டு நிறுவனங்கள் அதைப் பணம் கொடுக்க ஒரு நிபந்தனை ஆக்கின. நோயாளிகளும் அதை ஒரு தேர்வாகப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். எதைச் சொன்னால் தேறலாம், எதை மறைக்க வேண்டும் என்று கேட்டறிந்து வருகிறார்கள். நம் ஊரில் 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இந்த அறுவைக்கு வகுத்த பொது நிபந்தனைகளில் வயது, பி.எம்.ஐ., இணைநோய், மருத்துவர் பரிந்துரை எல்லாம் உண்டு. மனநல மதிப்பீடு என்று தனியாக ஒரு வரி இல்லை. ஆக, இதைச் செய்வதும் ஒழுங்காகச் செய்வதும் உங்கள் மனசாட்சியைப் பொறுத்தே இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இதைத் தேர்வாக நடத்துவதற்கு அறிவியல் ஆதாரமும் இல்லை. அறுவைக்கு வருகிறவர்களின் மனநலம் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2016இல் ஒரு பெரிய அலசல் வெளியானது. அவர்களில் 19 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு, 17 சதவீதம் பேருக்குக் கட்டுப்பாடின்றி உண்ணும் கோளாறு. ஆனால் அறுவைக்கு முன் மனநோய் இருந்தால் எடை சரியாகக் குறையாது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. பலருக்கு அறுவைக்குப் பின் மனச்சோர்வு குறையவே செய்தது. எனவே "மனச்சோர்வு இருக்கிறது, திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்று ஓர் உளவியலாளர் எழுதினால், சிகிச்சை அதிகம் தேவைப்படுகிறவரைத்தான் அவர் வாசலிலேயே தடுக்கிறார். தற்கொலை எண்ணம் முற்றியிருப்பவர், மனச்சிதைவு கட்டுக்குள் வராதவர், குடியிலோ போதையிலோ இன்னும் உழல்பவர் ஆகியோருக்குத் தள்ளிப்போடுவது சரி. மற்ற எல்லோரிடமும் கேட்க வேண்டியது இவருக்கு என்ன துணை வேண்டும், யார் தருவது, எதுவரை என்பதுதான்.

அதைக் கண்டுபிடிக்க எதைக் கேட்க வேண்டும்?

முதலில் சாப்பாடு. "ஒரு நாளைக்கு எத்தனை இட்லி" என்ற கணக்கை உணவியல் நிபுணர் எடுத்துவிடுவார். அவருக்கும் சொல்லாத சாப்பாடு ஒன்று உண்டு. எல்லோரும் படுத்தபின் அடுக்களை விளக்கைப் போடாமல், பாத்திரத்தில் மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, சத்தம் கேட்காமல் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவைக்கும் ஒரு பள்ளி ஆசிரியை என்னிடம் சொன்னார்: "பசிச்சு இல்லீங்க. நிறுத்த முடியல. முடிஞ்சப்புறம் என்னையே எனக்குப் பிடிக்காது." இரவில் உண்ணும் சிக்கலை ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் 1955லேயே விவரித்துவிட்டார். கட்டுப்பாடின்றி உண்ணுவது 2013இல், மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டி.எஸ்.எம். கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் தனிக் கோளாறாகவே இடம்பெற்றது. ஸ்லீவுக்குப் பிறகு அந்த ஆசிரியையால் ஒரு சட்டிச் சோற்றைச் சாப்பிட முடியாது. ஐஸ்கிரீமும் மில்க்‌ஷேக்கும் தடையில்லாமல் உள்ளே போகும். மிக்சரைக் கொஞ்சம் கொஞ்சமாக நாளெல்லாம் கொறிக்கலாம். அளவு குறைந்தாலும் "நிறுத்த முடியல" என்பது அப்படியே நிற்கும். அறுவைக்குப் பின்னும் அந்த உணர்வு தொடர்கிறவர்களுக்கு எடை குறைவதும் மட்டுப்படுகிறது. இதற்கு உளவியல் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது. முன்பே தெரிந்தால் முன்பே தொடங்கலாம்.

இரண்டாவது, அந்த உடம்புக்கு என்னென்ன நேர்ந்திருக்கிறது என்பது. 1980களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் பருமன் சிகிச்சைத் திட்டம் ஒன்றை நடத்தினார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் விலகிப்போனார்கள். ஏன் என்று கேட்கப் போனபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. சிலருக்கு அந்த எடையே பாதுகாப்பு. ஆண்களின் கண் தங்கள் மேல் விழாமல் அது பார்த்துக்கொண்டது. அந்தக் கேள்விதான் பின்னர் ராபர்ட் அண்டாவுடன் சேர்ந்து அவர் 1998இல் வெளியிட்ட, சிறுவயதுத் துயரங்கள் பற்றிய புகழ்பெற்ற ஆய்வாக வளர்ந்தது. நம் ஊரில் இதை அம்மாவோ கணவரோ பக்கத்தில் இருக்கும்போது யாரும் சொல்லமாட்டார்கள். எடை குறைந்து, தெருவில் நாலுபேர் திரும்பிப் பார்க்கத் தொடங்கும்போது அந்தப் பழைய பயம் திரும்பி வரும். அப்போது அவருக்குப் பேச ஓர் ஆள் வேண்டும்.

மூன்றாவது, குடி. அமெரிக்காவின் 10 மருத்துவமனைகளில் 1,945 பேரைத் தொடர்ந்து பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். குடிநோய் அறுவைக்கு முன் 7.6 சதவீதம் பேரிடம் இருந்தது. முதல் ஆண்டு பெரிய மாற்றமில்லை. இரண்டாம் ஆண்டு 9.6 சதவீதம். பைபாஸ் செய்தவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. மது இரத்தத்தில் வேகமாகவும் அதிகமாகவும் ஏறுவது ஒரு காரணம். ஒரு லாரி உரிமையாளர் என்னிடம் சொன்னது இது: "முன்ன ஒரு குவார்ட்டர் போட்டாலும் நிதானமா வீட்டுக்குப் போவேன். இப்ப ஒரு கட்டிங்லயே காலு நிக்கல. ஆனா விட முடியல." சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போனபின் அவர் அதை டாஸ்மாக்கில் தேடினார். "குடிப்பீங்களா?" என்று நான்கு பேர் முன்னால் கேட்டால் "எப்பவாவது ஃபங்ஷன்ல" என்றுதான் பதில் வரும். எவ்வளவு, எதற்காக, எந்த நாளில் என்று தனியாக, பொறுமையாகக் கேட்க வேண்டும். அறுவைக்குப் பின் உடம்பில் என்ன நடக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, மாத்திரைகள். மனச்சோர்வுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், அறுவை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து அதை மறைக்கிறார்கள். சிலர் தாமாகவே நிறுத்திவிட்டு வருகிறார்கள். பைபாஸுக்குப் பிறகு சில மருந்துகள் உடம்பில் சேரும் விதமே மாறிவிடும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகள் சரியாக வேலை செய்யாமல் போகலாம். லித்தியம் அளவு மீறி நஞ்சாகலாம். இவற்றையெல்லாம் அவருடைய மனநல மருத்துவரோடு முன்பே பேசி, மருந்தின் வடிவத்தையும் இரத்தப் பரிசோதனைத் தேதிகளையும் தீர்மானிக்க வேண்டும். "மாத்திரை சாப்பிடறதுனால ஆபரேஷனை நிறுத்தமாட்டோம்" என்று நீங்கள் முதல் சந்திப்பிலேயே சொன்னால் பாதிப்பேர் மறைக்கமாட்டார்கள்.

அறுவைக்குப் பிறகு வருவதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு பெரும்பாலும் மகிழ்ச்சி. மாதந்தோறும் முள் இறங்குகிறது, புதுச் சட்டை தைக்கிறார்கள், எல்லோரும் விசாரிக்கிறார்கள். பிறகு எடை ஓரிடத்தில் நிற்கும், கொஞ்சம் ஏறும். ஸ்வீடன் ஆய்வில் முதல் ஆண்டு உயர்ந்த மனநிலை, எடை திரும்ப ஏறிய ஆண்டுகளில் ஓரளவு சரிந்ததைப் பார்த்தார்கள். வயிற்றிலும் கையிலும் தோல் தொங்கும். கல்யாண வீட்டில் "என்ன இப்படி ஒட்டிப்போயிட்ட, சுகர் வந்துடுச்சா?" என்பார்கள். பந்தியில் இலையில் வைத்ததை மூடிவைத்தால் பரிமாறுகிறவர் கோபித்துக்கொள்வார். வீட்டிலும் உறவுகள் இடம் மாறும். அறுவைக்குப் பிறகு திருமண முறிவும் கூடுகிறது, தனியாக இருந்தவர்கள் துணை தேடிக்கொள்வதும் கூடுகிறது என்று 2018இல் ஸ்வீடன் தரவுகள் காட்டின. எடைதான் எல்லாத் துன்பத்துக்கும் காரணம் என்று நம்பி வந்தவருக்கு, எடை போனபின்னும் துன்பம் மிச்சமிருந்தால் அதை வைக்க இடமில்லை. ஒன்டாரியோவின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள் இங்கேதான் வருகின்றன.

எனவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

மதிப்பீட்டுக்கு நோயாளியை அறுவைத் தேதி குறிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அனுப்புங்கள். குறைந்தது ஒரு முழு மணி நேரம் கொடுங்கள். தேவைப்பட்டால் மறுமுறையும் வரச் சொல்ல எங்களுக்கு உரிமை வேண்டும். பணம் கட்டி, ஊசி ஏற்றிய கட்டிலில் யாரும் "வேண்டாம்" என்று சொல்லமாட்டார்கள்.

குடும்பத்தாரோடு பேசுங்கள், அது அவசியம். அதற்கு முன் நோயாளியிடம் தனியாக, அவர் பேசும் தமிழில் பேச வேண்டும். ஆங்கிலத்தில் அச்சடித்த வினாத்தாளை நர்ஸ் கையில் கொடுத்து டிக் போடச் சொல்வது மதிப்பீடு ஆகாது.

அறிக்கையில் "ஃபிட்", "அன்ஃபிட்" என்ற இரண்டு கட்டங்களை எடுத்துவிடுங்கள். அறுவைக்குத் தயார்; இன்னின்ன துணையோடு தயார்; இப்போதைக்கு வேண்டாம், இன்ன சிகிச்சைக்குப் பிறகு இன்ன தேதியில் மீண்டும் பார்ப்போம் என்று மூன்று முடிவுகள் இருக்கட்டும். மூன்றாவது முடிவில் தேதி இல்லாவிட்டால் அது நிராகரிப்பாகிவிடும்.

மதிப்பிடுகிறவர் சுதந்திரமாக இருக்கட்டும். "கொஞ்சம் பொறுக்கலாம்" என்று எழுதும் உளவியலாளருக்கு அடுத்த மாதம் நோயாளிகளே வராமல் போகும் நிலை எந்த மருத்துவமனையிலும் இருக்கக்கூடாது.

உங்கள் ஓ.பி. வராந்தாவையும் ஒருமுறை பாருங்கள். நடைபாதையில் எடை பார்த்து "நூத்தி இருபத்தெட்டு!" என்று பத்துப் பேர் காதில் விழக் கத்துவதை நிறுத்துங்கள். கைப்பிடி இல்லாத அகல நாற்காலிகளைப் போடுங்கள். வாசலிலேயே கூனிக் குறுகியவர் உள்ளே வந்து மனதைத் திறக்கமாட்டார்.

கடைசியாக ஒன்று. நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் வாழ்நாள் முழுக்கத் தேவை என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிக் கொடுக்கிறீர்கள். அதே தாளில் மனநலச் சந்திப்புத் தேதிகளையும் எழுதுங்கள்: மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு, இரண்டாம் ஆண்டில் இருமுறை, மூன்றாம் ஆண்டில் இருமுறை. அறுவைக்கு முன் பார்த்த அதே ஆள் பார்க்கட்டும். அந்தச் செலவையும் பேக்கேஜில் சேர்த்துவிடுங்கள். தனியாகப் பணம் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். வராதவரை நர்ஸ் போனில் கூப்பிடட்டும். இரவில் யாரும் இல்லாதபோது பேச, மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416 அந்தத் தாளின் அடியில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இதில் எதற்கும் புதிய கருவி வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் ஏற்கெனவே நல்ல குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் செய்வதை எல்லோரும் செய்தால் போதும். ஓர் அறுவை வெற்றி என்பதை மூன்றாம் ஆண்டு முடிவில், எடை, சர்க்கரை அளவோடு கூட "இவர் எப்படி இருக்கிறார்?" என்ற கேள்விக்கும் பதில் எழுதிய பிறகே சொல்வோம் என்று உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் தீர்மானியுங்கள். அந்தப் பதிலைத் தேடித் தரும் வேலையை எங்களிடம் விடுங்கள். நாங்கள் தயாராக இருக்கிறோம்.


உங்களோடு பணிபுரியும் ஓர் உளவியலாளர்